கண்டெடுத்த கோல் கீப்பர்

மணி ஒன்றே முக்கால். மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸைக் காணோம்.

துப்பு அக்கா நாற்பது நிமிடமாக அந்த நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். கம்பத்தில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கால்பந்துப் போட்டி நடக்கும் இரண்டு வாரமும் எந்தெந்த பஸ் எங்கெங்கே சுற்றிப் போகும், எது போகவே போகாது என்று அதில் எழுதியிருந்தது. மூன்று முறை படித்தாள். முதல் முறை, இருபத்தேழு உண்டு என்று தோன்றியது. இரண்டாம் முறை, இல்லை என்று தோன்றியது. மூன்றாம் முறை படித்தபோது, இருபத்தேழு உண்டு, இந்த நிறுத்தம்தான் இல்லை என்று தோன்றியது. இத்தனைக்கும் அவள் வேலை பார்ப்பதே நகரப் போக்குவரத்துக் கழகத்தில்தான்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் துப்பு அக்கா என்றால்தான் தெரியும். பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற குடை, பை, சாப்பாட்டு டப்பா, ஊன்றுகோல் எல்லாம் வந்து சேரும் தொலைந்த பொருள் பிரிவில் பதினாறு வருட உத்தியோகம். மற்றவர்கள், உரியவர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். துப்பு அக்காவுக்குக் காத்திருக்க முடியாது. இது யாருடையதாக இருக்கும் என்று அரிக்க ஆரம்பித்துவிடும். பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், கடைசியில் ஆளைப் பிடித்துவிடுவாள். ஒருமுறை வந்து சேர்ந்த பல் செட்டில் முன்பற்கள் மட்டும் தேய்ந்திருந்தன. இது கிளாரினெட் வாசிப்பவருடையது என்று சொல்லி, மூன்றே நாளில் ஒரு பேண்டு குழுவில் ஆளைக் கண்டுபிடித்தாள். அந்த மூன்று நாளும் அவர் கச்சேரியில் கைதட்டிக்கொண்டு மட்டும் நின்றாராம்.

தவறிப்போன ஊகங்களும் உண்டு. ஒற்றை ஷூவைத் தேடிக்கொண்டு, இன்னொரு ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டு வந்து நின்ற ஒருவரை, இந்த ஷூவுக்குரியவர் நடை வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அந்தக் கதையை அவள் எதிரில் யாரும் எடுப்பதில்லை.

பிரிவின் கண்காணிப்பாளர் பதவி இரண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. இந்த முறை விடக் கூடாது என்று இஸ்திரி போட்ட உடையும் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களுமாகப் புறப்பட்டு வந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார்.

நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சந்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பச்சை நிற மேல்சட்டை, நெஞ்சில் அன்று மாலை ஆடப்போகும் வெளிநாட்டு அணியின் சின்னம். கையில் ஒரு அட்டை. அதில் ஸ்டேடியத்தின் படம். மூச்சு வாங்க ஏதோ ஒரு மொழியில் கொட்டித் தீர்த்தார். நிறுத்தத்தில் நின்ற கூட்டம் முழுக்க உள்ளூர் அணியின் மஞ்சள் சட்டை. ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. அவர் அட்டையைத் தட்டினார், சாலையைக் காட்டினார், விரலால் காற்றில் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டார்.

ஸ்டேடியத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார். இதற்குத் துப்பு தேவையில்லை. இதோ சிறப்புப் பேருந்து வரும், ஏறிக்கொள்ளுங்கள் என்று துப்பு அக்கா கையைக் காட்டிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பின்னால் இருந்த சந்துப் பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் வெறும் கிடங்குகள்தான், வழி கிடையாது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அவர் இன்னும் வேகமாகச் சந்துப் பக்கம் காட்டினார். அவள் இன்னும் பொறுமையாக விளக்கினாள்.

அதற்குள் சிறப்புப் பேருந்து வந்துவிட்டது. மஞ்சள் சட்டைகள் அலையாக எழுந்தன. பச்சைச் சட்டைக்காரர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பாவம், கூட்டத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்த துப்பு அக்கா, அவர் விரல்களைக் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள். பின்னால் இருந்தவர்கள் அவளைத் தள்ளினார்கள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

கண்டக்டரிடம் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடச் சொன்னாள். அடுத்த நிறுத்தம் மெட்ரோ சந்திப்புதான், நடுவில் எங்கேயும் நிற்காது, போட்டிக்கான ஏற்பாடு என்று கண்டக்டர் சொன்னார். சரி, மெட்ரோ சந்திப்பிலிருந்து தலைமை அலுவலகம் மூன்று நிலையம்தான், அதுவும் நல்லதுக்குத்தான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மனம் தேறியதும் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. யார் இந்த மனிதர்?

பச்சைச் சட்டைக்காரர் கதவின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, பின்னால் நழுவிப் போகும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் காய்ப்பு. பந்தைப் பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பு. ஒரு கை முழங்கை வரை கறுத்திருந்தது, மற்ற கை வெளுப்பாக இருந்தது. மைதானத்தில் வருஷக்கணக்காக ஒரே பக்கமாக வெயிலில் நின்றால்தான் அப்படி ஆகும். பஸ் பிரேக் போட்ட ஒவ்வொரு முறையும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. உதைக்கத் துடிக்கிற கால். கொஞ்சம் தொந்தி இருந்தது. அது மட்டும் இடித்தது. யோசித்துப் பார்த்தபோது அதுவும் பொருந்தியது. ஓட வேண்டாத ஆட்டக்காரர் ஒருவர் உண்டே.

உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று போனை எடுத்தாள். மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, மொழியை நீயே கண்டுபிடி என்று அதனிடம் விட்டுவிட்டு, அவர் வாயருகே நீட்டினாள். அவர் போனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மடமடவென்று பேசினார். பஸ்ஸுக்குள் ரசிகர்களின் மத்தளச் சத்தம் காதைப் பிளந்தது. செயலி நீண்ட நேரம் சுற்றிவிட்டு இரண்டு வரி கொடுத்தது.

‘பெரியதை நான் அடைத்துவிட்டேன். யாரும் உள்ளே புக முடியாது, வெளியேறவும் முடியாது.’

‘என் பையன்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள்.’

துப்பு அக்காவுக்குப் புல்லரித்தது. பெரியது என்றால் கோல் கம்பங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பெரிய வாய். அதை அடைத்துவிட்டேன், ஒரு பந்து புக முடியாது என்கிறார். அணித் தோழர்கள் இவர் இல்லாமல் கோபத்தில் வெந்துகொண்டிருக்கிறார்கள். கோல் கீப்பரேதான்.

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அவரிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் பச்சைச் சட்டைக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆமாம், நான் டி.வி.ல பாத்திருக்கேன். போன வருஷம் மூணு பெனால்டியைப் பிடிச்சாரே, அவர்தான். அப்ப இவ்ளோ தொந்தி இல்ல."

சந்திப்பு வருவதற்குள் விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஏழெட்டுப் பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் மஞ்சள் சட்டையின் முதுகில் கையெழுத்துக் கேட்டுப் பேனாவை நீட்டினார். பச்சைச் சட்டைக்காரர் திகைப்போடு போட்டுக் கொடுத்தார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வட்டமாக எதையோ பிடித்துத் திருப்புவது போலத் திரும்பத் திரும்பக் காட்டினார். பந்து எப்படி வந்தாலும் பிடித்துவிடுவாராம் என்று பெரியவர் எல்லாருக்கும் விளக்கினார்.

சந்திப்பில் இறங்கியதும் துப்பு அக்கா செய்த முதல் காரியம், அவரைப் பொறுப்பான ஆளிடம் ஒப்படைத்தது. 'என்னிடம் கேளுங்கள்' என்று எழுதிய சட்டை போட்ட ஒருவர் அங்கே நின்றார். இவர் கோல் கீப்பர், அவசரம் என்று சொன்னாள். அந்த ஆள் தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். தாளில் கோல் கீப்பர் தொலைந்தால் என்ன செய்வது என்று இல்லை. எல்லாரையும் போல வரிசையில் நிற்கச் சொன்னார். சரி, வரிசை நகரும், இவர் போய்ச் சேருவார் என்று அவள் தன் நடைமேடைக்குத் திரும்பினாள். மணி இரண்டு பத்து. நேரம் இருக்கிறது.

படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதுதான் வினை. பச்சைச் சட்டைக்காரர் வரிசையை விட்டு விலகி, வந்த சாலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு பொருளை உரிய இடத்தில் சேர்க்காமல் பாதியில் விட்டது பதினாறு வருடத்தில் ஒருமுறைகூடக் கிடையாது. சான்றிதழ் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துரத்தினாள். இரண்டாவது சிக்னலில் அவர் கையை எட்டிப் பிடித்தபோது அவளுக்கு மூச்சு திணறியது. அவரோ எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நாலு ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலை முழுக்கத் தடுப்பு. போன பஸ் எதுவும் அந்த வழியாகத் திரும்பி வரவில்லை. பெரிய ஆட்டத்துக்கு முன்னால் சிலருக்கு இப்படிப் பயம் வந்துவிடும் என்று அவள் படித்திருந்தாள். தைரியம் சொல்லும் விதமாக அவர் தோளைத் தட்டினாள். அவர் கண் கலங்கியிருந்தது. கடைசியில் அவரே கையில் இருந்த அட்டையைப் பார்த்து, ஸ்டேடியத்தின் படத்தைத் தொட்டு, போகலாம் என்பது போலத் தலையசைத்தார்.

மெட்ரோவில் எந்தப் பக்க வண்டி என்று தெரியவில்லை. பலகையை எல்லாம் போட்டிக்காக மாற்றியிருந்தார்கள். முகத்தில் மஞ்சள் பூசிய ஒரு ஆளிடம் கேட்டாள். அவர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு பச்சைச் சட்டையைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக எதிர் நடைமேடையைக் காட்டினார். அங்கே கூட்டமே இல்லை. நல்ல காலம், உட்கார்ந்து போகலாம் என்று இருவரும் ஏறினார்கள்.

ஏழு நிலையம் தாண்டியும் கூட்டம் ஏறவில்லை. எட்டாவதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பதினோராவது நிலையம் கடைசி நிலையம். நகரத்தின் மறுகோடி. மணி மூன்றே கால்.

நிலையத்துக்கு வெளியே ஒரு பெரிய பஸ் டெப்போ இருந்தது. அதைப் பார்த்ததும் பச்சைச் சட்டைக்காரர் பாய்ந்து ஓடினார். நிறுத்தி வைத்திருந்த ஒவ்வொரு பஸ்ஸாகப் போய்ப் பார்த்தார். நம்பர் பலகையைப் பார்த்தார், ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கடைசி பஸ் வரைக்கும் போய்விட்டுத் தோள் தொங்கத் திரும்பி வந்தார்.

துப்பு அக்காவுக்கு நெஞ்சு கரைந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. அணியின் பஸ் இவரை வழியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இவர் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். எப்பேர்ப்பட்ட அலட்சியம். ஒரு குடையை மறந்தாலே வீட்டில் ஏச்சு விழும். கோல் கீப்பரையே மறந்திருக்கிறார்கள்.

அப்போது போன் அடித்தது. தலைமை அலுவலகத்தின் நிர்வாக அதிகாரி. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு மணிக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டதையும் இருபத்தேழு வராததையும் அவள் சொன்னாள். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஏம்மா, முக்கியமான நாள்ல நம்ம கழகத்து பஸ்ஸையா நம்பினீங்க?"

நான்கு மணி வரை பொறுப்பதாகவும் அதற்குமேல் பட்டியலை மூட வேண்டியிருக்கும் என்றும் அவர் சொன்னார். ஒரு டாக்ஸி பிடித்தால் நான்குக்குள் போய்விடலாம். எதிரிலேயே ஒன்று காலியாக நின்றது. துப்பு அக்கா டாக்ஸியைப் பார்த்தாள். டெப்போ சுவரில் சாய்ந்து, அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்தாள்.

போனை வைத்த மறு நிமிடமே மறுபடி அடித்தது. இந்த முறை அவள் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். இந்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்ததிலிருந்து கால் தரையில் படாமல் நடக்கிறவர். காலையில் தன் முகத்துக்குத் தானே மஞ்சள் தீட்டிக்கொண்டு மதியமே ஸ்டேடியம் கேலரியில் போய் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இன்டர்வியூ முடிஞ்சுதா?"

"இன்னும் போகவே இல்லீங்க. கையில ஒரு கோல் கீப்பர் இருக்கார்."

கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் அவர் கத்தினார்.

"கையில என்ன இருக்கு?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். பச்சை அணி இன்னும் வந்து சேரவில்லையாம். அணியைச் சேர்ந்த ஒருவரைக் காணவில்லை, அதனால் ஆட்டம் தாமதமாகும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். ஐந்து மணிக்குள் வராவிட்டால் விதிப்படி வெற்றி மஞ்சள் அணிக்கே.

"அந்த ஒருத்தர்தான் இவர்," என்றாள் துப்பு அக்கா. சொல்லும்போதே அவளுக்கு மெய் சிலிர்த்தது. எழுபதாயிரம் பேர் காத்துக்கொண்டிருக்கும் பொருள் அவள் பக்கத்தில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

"அப்ப அவசரப்படாதே. அவருக்கு ஊரைச் சுத்திக் காட்டு. நல்ல ஓட்டலாப் பாத்து உக்கார வை. அஞ்சு மணி ஆகட்டும்."

"அது தப்புங்க."

"விருந்தாளியைக் கவனிச்சுக்கறதுல என்ன தப்பு?"

"பதினாறு வருஷமா அடுத்தவங்க பொருளை ஒரு நாள் கூடுதலா நான் வெச்சிருந்ததில்ல. இவரைக் கொண்டுபோய்ச் சேத்துட்டுத்தான் மறு வேலை."

உனக்குப் போய்த் துப்பு என்று பேர் வைத்தார்களே, இப்படித் துப்புக் கெட்டவளாக இருக்கிறாயே என்று அவர் புலம்பினார். நாற்பது வருடமாக இந்த அணி எதையும் ஜெயித்ததில்லை என்றார். துப்பு அக்கா போனை வைத்துவிட்டாள். காலி டாக்ஸியை நோக்கிப் போய், ஸ்டேடியத்துக்கு வருவீர்களா என்று கேட்டாள். தடுப்பு போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் எந்த வண்டியும் போக முடியாது, போக வேண்டுமென்றால் ஆற்றுப் படகு ஒன்றுதான் வழி என்று டிரைவர் சொன்னார்.

படகுத்துறைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் நடை. படகில் இடம் கிடைத்தபோது மணி நான்கு. பட்டியல் இந்நேரம் மூடியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூன்றாவது முறையும் போயிற்று.

படகுக்குள் ஒரு சின்ன டி.வி. ஓடியது. பச்சை அணியில் ஒருவரை இன்னும் காணவில்லை என்று அதிலும் சொன்னார்கள். படகில் இருந்த அத்தனை மஞ்சள் சட்டைகளும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தன. துப்பு அக்கா எழுந்து பச்சைச் சட்டைக்காரருக்கு முன்னால் நின்றுகொண்டாள். படகைக் கொஞ்சம் மெதுவாக விடலாமே என்று ஒருவர் ஆரம்பித்தார். எதிர்க்கரையைச் சுற்றிக் காட்டலாம் என்றார் இன்னொருவர். படகு ஓட்டுகிறவர் காதில் அது விழுந்தது.

"ஆள் வராம ஜெயிச்சோம்னு நாளைக்கு வெளில சொல்லிக்க முடியுமா? ஆடித் தோக்கறதுன்னா தோப்போம்," என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு மஞ்சள் சட்டை எழுந்து வந்து பச்சைச் சட்டைக்காரருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டியது. அவர் குடித்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். துப்பு அக்கா போனை மறுபடி நீட்டினாள். இந்த முறை அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். செயலியும் தடுமாறாமல் சொன்னது.

‘என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.’

அவள் கைப்பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். தேர்வு முடிந்ததும் தின்பதற்காக வைத்திருந்தது. இரண்டிரண்டாகப் பங்கு போட்டாள். எடுக்க மாட்டார்கள், தப்பு அவர்கள் மேல்தான், நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னாள். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையசைத்தார். எனக்கும் இன்றைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று அவள் ஆற்றைப் பார்த்துச் சொன்னாள். ஒரு வேலை தன் கையை விட்டுப் போகிற நாளில் இன்னொருவர் வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு, பிஸ்கட்டை விட இதமாக இருந்தது.

ஸ்டேடியத்தின் பின்வாசலை அடைந்தபோது மணி நான்கு நாற்பது. இருபது நிமிடம்தான் பாக்கி. காவலாளி அடையாள அட்டை கேட்டார். பச்சைச் சட்டைக்காரர் சட்டைப் பைகளைத் தட்டிப் பார்த்துக் கையை விரித்தார். துப்பு அக்கா முன்னால் வந்தாள். பதினாறு வருடமாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பேசிய குரலில் பேசினாள்.

"நீங்க எல்லாரும் தேடிக்கிட்டிருக்கற ஆள் இவர்தான். பத்திரமாக் கொண்டு வந்திருக்கேன். பொறுப்பான அதிகாரி யாராவது வந்து, பாத்து, வாங்கிக்கிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

காவலாளி வயர்லெஸ்ஸில் பேசினார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல் கேட்டது. காணாமல் போன ஆள் கிடைத்துவிட்டார் என்ற செய்தி சுவருக்கு அப்பால் பரவுவது காதில் விழுந்தது. முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு கைதட்டல். எழுபதாயிரம் பேர் கைதட்டினால் தரை அதிரும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் ஓடி வந்து நின்றார். வியர்வையில் மஞ்சள் கழுத்து வரை வழிந்திருந்தது. பச்சைச் சட்டைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம்," என்றார். ஆனால் அவர் கண்ணில் கொஞ்சம் பெருமையும் இருந்ததை அவள் கவனிக்கத் தவறவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், என் மனைவிதான், தொலைந்த பொருள் பிரிவு என்று சொல்வதும் கேட்டது.

கோட்டு போட்ட அதிகாரிகள் ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். அவர்களோடு, காதில் இயர்போன் மாட்டிய மொழிபெயர்ப்பாளர் அம்மாள் ஒருவரும் வந்தார். அந்த அம்மாளின் வாயிலிருந்து தன் மொழியைக் கேட்டதும் பச்சைச் சட்டைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அழுதார். பிறகு பேச ஆரம்பித்தார். சந்துப் பக்கம் கை நீட்டியதைக் காட்டினார், கம்பத்தைப் பிடித்துக்கொண்ட விதத்தைக் காட்டினார், விரல்களை ஒவ்வொன்றாக விடுவிப்பது போலவும் காட்டினார். நடுநடுவே துப்பு அக்காவைச் சுட்டிக் காட்டினார்.

துப்பு அக்கா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றி சொல்கிறார். சான்றிதழ் உறையின் பின்பக்கத்தில், ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு, பேனாவோடு தயாராக நீட்டினாள்.

யாரும் வாங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அம்மாளின் முகம் போன போக்கு அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த அம்மாள் அதிகாரிகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஒரு அதிகாரி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். எந்த பஸ் நிறுத்தத்திலிருந்து இவரை அழைத்து வந்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். துப்பு அக்கா தெருப் பெயரையும் நிறுத்தத்தின் பெயரையும் சொன்னாள். அது நகரத்தின் எந்த மூலை என்று ஒருவர் வரைபடத்தில் தேட ஆரம்பித்தார்.

"ஏதாவது தப்பாப் போச்சுங்களா?" என்றாள் துப்பு அக்கா.

அந்த அம்மாள் பச்சைச் சட்டைக்காரரின் கையை இன்னும் விடாமல் சொன்னார்:

"இவர் கோல் கீப்பர் இல்லம்மா, டீம் பஸ்ஸோட டிரைவர், வழி கேக்கறதுக்காக பஸ்ஸைப் பூட்டிட்டு ரெண்டு நிமிஷம் கீழ இறங்கினாராம், கோல் கீப்பர் உள்பட இருபத்தாறு பேரும் இன்னும் அந்தச் சந்துலதான் பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்காங்க."